பிள்ளையார் பால் குடித்தாரா? அற்புதச் செய்திகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டச் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் நான். சிலையில் கண்ணீர், மரத்தில் பால், சுவரில் முகம் என்று இப்படி ஏதாவது ஒன்று அவ்வப்போது மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கே அற்புதம் நடந்தாலும் தெரிந்தவர்கள் என்னிடம் வந்து "உண்மையா சார்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும் என் பதில்களும் இங்கே இருக்கின்றன.

கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு இங்கே பதில் கிடையாது. சாமியை நம்புவது வேறு, செய்தியை நம்புவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

1995இல் பிள்ளையார் பால் குடித்ததை லட்சக்கணக்கானோர் கண்ணால் பார்த்தார்களே, அதுவும் பொய்யா?

பார்த்தது பொய்யில்லை. பார்த்ததற்கு வைத்த பெயரில்தான் தகராறு.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. விடிவதற்கு முன்பே தெற்கு டெல்லியில் ஒரு கோயிலில், பிள்ளையாரின் துதிக்கையருகே ஸ்பூனில் பால் நீட்டினால் பால் குறைகிறது என்று பேச்சு கிளம்பியது. மத்தியானத்துக்குள் வட இந்தியா முழுக்கக் கோயில் வாசல்களில் வரிசை. மெட்ராஸுக்கும் வந்தது (அது சென்னை ஆனது அடுத்த வருஷம்தான்). லண்டன் சவுத்தாலிலும் ஹாங்காங்கிலும் கூடச் சிலைகளுக்குப் பால் ஊட்டினார்கள். செல்போன் சாமானியர் கைக்கு வராத காலம் அது. எஸ்.டி.டி. பூத்தும் வீட்டு லேண்ட்லைனுமே இவ்வளவையும் செய்தன. டெல்லியில் பால் விற்பனை அன்றைக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடியதாகச் செய்திகள் வந்தன.

அன்றைக்கே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆட்கள் டெல்லியில் ஒரு கோயிலுக்குப் போனார்கள். அவர்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. பாலில் நிறத்தைக் கலந்து ஊட்டினார்கள். ஸ்பூனில் பால் குறைந்தது நிஜம். ஆனால் குறைந்த பால் சிலையின் முன்பக்கத்தில் நிறக் கோடாக வழிந்து இறங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. விளிம்பு வரை நிரம்பிய ஸ்பூன் ஒரு ஈரமான பரப்பைத் தொட்டால், பரப்பு இழுவிசை பாலை விளிம்புக்கு வெளியே இழுக்கிறது. அப்புறம் புவியீர்ப்பு அதைக் கீழே கொண்டுபோகிறது. பால் மெல்லிய படலமாக இறங்குவதால், வெள்ளைப் பளிங்குச் சிலையில் அது கண்ணுக்கே தெரியாது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பித்தளைக் குத்துவிளக்கோ சின்ன கருங்கல் பொம்மையோ போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சரியாக வராது, எனவே தேய்த்துக் கழுவி ஈரத்தோடு நிறுத்துங்கள். எவர்சில்வர் ஸ்பூனில் பாலை விளிம்பு தாண்டி மேடாக நிற்கும் அளவுக்கு ஊற்றுங்கள். ஸ்பூனின் நுனியை ஈரமான இடத்தில் மெதுவாக ஒட்டவைத்து, தெரிந்தும் தெரியாமலும் சாயுங்கள். பால் இறங்க ஆரம்பிக்கும். உங்கள் கண் ஸ்பூனிலேயே இருந்தால் யாரோ உறிஞ்சுவது போலத்தான் தெரியும். இரண்டாவது தடவை பாலில் நாலு சொட்டு காபி டிகாஷனைக் கலந்துவிட்டு, ஸ்பூனை விட்டுவிட்டு விளக்கின் தண்டைப் பாருங்கள். குத்துவிளக்குத் தட்டில் பால் தேங்கியிருக்கும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்தால் இன்னும் நல்லது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

படித்தவர்களும்தானே வரிசையில் நின்றார்கள்? அவ்வளவு பேருமா ஏமாந்தார்கள்?

ஏமாந்தார்கள் என்ற வார்த்தை எனக்கு உடன்பாடில்லை. வரிசையில் நின்ற ஒருவரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். வெயிலில் நின்று உள்ளே போனால் கிடைப்பது சில நொடிகள். பின்னால் இருப்பவர் தள்ளுகிறார். கை நடுங்குகிறது, ஸ்பூன் தானாகவே சாய்கிறது. கண் முழுக்கத் துதிக்கையின் மேல். பால் குறைந்ததும் பக்கத்தில் நிற்பவர் "குடிச்சிட்டாரு!" என்கிறார். இதற்குமேல் எங்கே ஆராய்ச்சி செய்வது?

இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் கோயில்களில் சிலை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அபிஷேகம் செய்த பால் பீடத்தைச் சுற்றி ஓடுவது தினசரிக் காட்சி. கீழே பால் தேங்கி நிற்பதைப் பார்த்தால் வேறு ஊர்க்காரனுக்குச் சந்தேகம் வரும், நமக்கு வராது. தடயம் கண்ணெதிரிலேயே இருந்தது, ஆனால் அது கோயிலில் இருக்க வேண்டிய பொருளாகவும் இருந்தது.

பார்த்தவர் சொல்வதை மறுத்தாலே அவரைப் பொய்யர் என்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். "ஸ்பூனில் பால் குறைந்தது" என்பது சாட்சி. "பிள்ளையார் குடித்தார்" என்பது முடிவு. சாட்சியை மதித்துக்கொண்டே முடிவை ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியும்.

அப்படியானால் மறுநாள் ஏன் குடிக்கவில்லை?

இன்றைக்கும் குடிப்பார். ஊட்டுவதை நாம்தான் நிறுத்தினோம். 2006 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் தொடங்கி மறுபடி ஒரு சுற்று வந்தது. அதே பால், அதே ஸ்பூன், அதே விளக்கம். பரபரப்பு மட்டும் பழைய அளவுக்கு இல்லை.

அதே 2006இல் மும்பையில் கடல் நீர் இனித்ததாமே?

பால் இரண்டாவது சுற்று வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நடந்தது அது. ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை மாலை, மாஹிம் கடற்கரையில் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்று யாரோ சொல்ல, ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரக்கணக்கானோர் இறங்கிவிட்டார்கள். பக்கத்திலேயே மக்தூம் ஷா என்ற சூஃபி ஞானியின் தர்கா இருக்கிறது. அவரின் அருள் என்றார்கள் சிலர். எல்லா மதத்துக்காரர்களும் குடித்தார்கள், அந்த வகையில் நல்ல சமாச்சாரம்தான்!

காரணம் பருவமழை. ‘மீதி’ என்ற பெயருள்ள ஆறு மாஹிமில்தான் கடலோடு சேர்கிறது. பலத்த மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் ஏராளமாக வந்து இறங்கும்போது, எடை குறைந்த அது உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். கரையில் கையால் மொண்டு குடிப்பவருக்கு மேல்தண்ணீர்தான் கிடைக்கும். ஐ.ஐ.டி. மும்பையைச் சேர்ந்த நிலவியலாளர்கள் இந்த மாதிரிதான் விளக்கினார்கள்.

எனக்குக் கவலை தந்தது விளக்கமல்ல. மீதி ஆறு மும்பையின் சாக்கடையையும் ஆலைக்கழிவையும் சுமந்து வரும் ஆறு. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். குடிக்காதீர்கள் என்று அரசுத் தரப்பு எச்சரிக்க வேண்டியதாயிற்று. அற்புதச் செய்திகளில் முக்கால்வாசி யாருக்கும் தீங்கில்லாதவை. வாய்க்குள் போகும் அற்புதம் வந்தால் மட்டும் நான் பொறுமையாகப் பேசுவதில்லை.

எங்கள் ஊரில் வேப்பமரத்தில் பால் வடிகிறது. இது நிஜம்தானே?

நிஜம்தான். வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு, சமயத்தில் இனிப்பு வாடையோடு சாறு வடியும். மரத்துக்குள் நுண்ணுயிர் தொற்றினாலோ மரம் காயம்பட்டாலோ உள்ளே அழுத்தம் கூடிச் சாறு வெடிப்பு வழியாக வெளியேறும். புளிக்க ஆரம்பித்தால் நுரை. பழைய நாட்டு வைத்தியத்தில் இதற்கு வேப்பங்கள் என்று பெயரே உண்டு.

மரத்துக்கு மஞ்சள் பூசிச் சேலை கட்டுவதில் எந்தக் கெடுதியும் இல்லை. கட்டுவதால் அந்த மரத்தை யாரும் வெட்டமாட்டார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உண்டியல் வைத்துவிட்டால் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது.

சுவரில் சாமி முகம் தெரிகிறது, சப்பாத்தியில் ஏசு தெரிகிறார்?

நிலாவில் பாட்டி வடை சுடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மனித மூளைக்கு முகம் தேடுவது பிறவிக் குணம், இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போதும். இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

ஒரு அற்புதச் செய்தியை எப்படிப் படிப்பது? நம்பலாமா என்று எதை வைத்துச் சொல்வது?

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வழக்கமான பெட்டிச் செய்தி ஒன்று இப்படி இருக்கும் (நானே எழுதிய மாதிரிதான், எந்த ஊரும் இல்லை):

"அம்மன் கோயிலில் சிலையின் கண்ணிலிருந்து திடீரென நீர் வழிந்ததாகக் கூறப்படுகிறது. இந்தத் தகவல் காட்டுத்தீ போல் பரவியதால் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த ஏராளமான பக்தர்கள் குவிந்தனர். பெண்கள் சாமியாடி அருள்வாக்குக் கூறினர். இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது."

நாலே வாக்கியம். ஒவ்வொன்றாக எடுங்கள். முதல் வாக்கியத்தில் மட்டும்தான் அற்புதம் இருக்கிறது, அதிலும் "கூறப்படுகிறது" என்று நிருபர் கையைக் கழுவிவிட்டார். யார் கூறினார்? பெயர் இல்லை. எத்தனை மணிக்கு? இல்லை. நிருபர் போனபோது நீர் வழிந்ததா, காய்ந்த தடம் மட்டும் இருந்ததா? இல்லை. மீதி மூன்று வாக்கியமும் கூட்டத்தைப் பற்றியவை. கூட்டம் வந்தது நூற்றுக்கு நூறு உண்மை, போட்டோவும் இருக்கும். படிப்பவர் மனதில் என்ன ஆகிறது என்றால், கூட்டத்துக்கு இருக்கும் ஆதாரம் அப்படியே கண்ணீருக்கும் ஆதாரமாகிவிடுகிறது.

அடுத்த நாள் பூசாரி ஒருவர் வந்து, மேலே ஓடு ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துத் தாரைப் பூசுவார். அதைச் செய்தியாக யாரும் அனுப்பமாட்டார்கள். தொடர்ச் செய்தி வராததற்குக் காரணம் சதியல்ல. பகுதிநேர நிருபருக்கு வந்த செய்திக்குத்தான் காசு, பொய்த்துப்போன செய்திக்கு யார் கொடுப்பது?

எனவே நான் தேடுவது இவ்வளவுதான்: முதலில் பார்த்தவர் யார், அவர் சொன்ன வார்த்தைகள் என்ன, கூட்டம் வருவதற்கு முன் வேறு யாராவது பார்த்தார்களா, மறுப்பதற்கு வாய்ப்புள்ள ஒருவரிடம் நிருபர் பேசினாரா. கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று வரும் அற்புதச் செய்தி அபூர்வம்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் தெளிவாகத் தெரிகிறதே?

வீடியோ எங்கே எப்போது எடுத்தது என்று கேளுங்கள். ஒரே வீடியோ ஒரு வருஷம் ஆந்திராவில் நடந்ததாகவும் அடுத்த வருஷம் திருநெல்வேலியில் நடந்ததாகவும் வரும். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் படத்தேடலில் போட்டால் பழையதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இப்போது ஏஐ வைத்தே சிலையைக் கண் திறக்க வைக்கலாம் என்பதால், வீடியோவின் தெளிவை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது.

இந்துக் கோயில்களை மட்டும்தான் கேள்வி கேட்பீர்களா? சர்ச் அற்புதங்களைக் கேட்கமாட்டீர்களா?

சர்ச் அற்புதத்தைக் கேள்வி கேட்ட ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 2012 மார்ச்சில் மும்பை வில்லே பார்லே பகுதியில் உள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில், சிலுவையில் இருந்த ஏசு சிலையின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் அதைத் தீர்த்தமாகப் பிடித்தார்கள். இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவர் சனல் இடமருகு அங்கே போய்ப் பார்த்தார். சிலுவைக்குப் பின்னால் இருந்த சுவர் ஈரமாக இருந்தது. பக்கத்துக் கழிப்பறையின் கழிவுநீர் வடிகால் அடைத்துக்கொண்டு, அந்த நீர் சுவர் வழியாக நுண்புழை ஏற்றத்தால் (விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல) ஏறிச் சிலுவைக்கு வந்திருக்கிறது என்று விளக்கினார். டிவியிலும் சொன்னார்.

அதன்பின் அவர் மேல் மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவின்கீழ்ப் புகார்கள் போயின. கைது பயத்தில் அந்த வருஷமே பின்லாந்து போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சுவர் ஏன் ஈரமானது என்று சொன்னதற்கு இந்த விலை. (இதே மனிதர்தான் 2008இல், மந்திரத்தாலேயே கொல்ல முடியும் என்ற ஒரு தாந்திரீகரின் எதிரில் டிவி நேரலையில் மணிக்கணக்காகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். மந்திரம் ஒன்றும் செய்யவில்லை, சட்டப்பிரிவு செய்துவிட்டது.)

கத்தோலிக்கத் திருச்சபை அற்புதங்களை அப்படியே ஏற்றுக்கொள்கிறதா?

நம்மில் பலர் நினைப்பதைவிட அவர்கள் கறார். பிரான்ஸ் நாட்டு லூர்து நகரில் 1858இல் மாதா காட்சி தந்ததாக நம்புகிறார்கள். அங்கே 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. குணமானதாகச் சொல்லி 7,000க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் 2018 வரை அற்புதம் என்று திருச்சபை அறிவித்தது 70 மட்டுமே. நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும், உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும், திடீரென முழுதாகக் குணமாகியிருக்க வேண்டும், திரும்ப வரக்கூடாது, எடுத்த சிகிச்சையால் ஆனதாக இருக்கக்கூடாது. டாக்டர்கள் அற்புதம் என்ற வார்த்தையையே சொல்வதில்லை. "இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை" என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. மீதி ஆயரின் பாடு.

இத்தாலியின் நேப்பிள்ஸில் புனித ஜனுவாரியஸின் ரத்தம் என்று ஒரு சீசா இருக்கிறது. உறைந்து கிடக்கும் அது வருஷத்தில் மூன்று தடவை பக்தர்கள் முன்னால் இளகும். 1389 முதல் பதிவு உண்டு. 1991இல் மூன்று இத்தாலிய ஆய்வாளர்கள், இரும்புக் குளோரைடு, சுண்ணாம்பு, உப்பு போன்ற அந்தக் காலத்திலேயே கிடைத்த பொருள்களைக் கொண்டு, அசையாமல் வைத்தால் கட்டியாகவும் குலுக்கினால் திரவமாகவும் மாறும் ஒரு பழுப்புக் கூழைச் செய்து காட்டினார்கள். மூல சீசாவைத் திறந்து சோதிக்கவில்லை என்பதால், அதில் இருப்பது இதுதான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அந்த நிதானம்தான். திருச்சபையும் அதை அற்புதம் என்று அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை.

2024 மே மாதம் வத்திக்கான் புது விதிமுறையே கொண்டுவந்தது. இனிமேல் ஒரு காட்சி இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று ஆயர்கள் சாதாரணமாக அறிவிக்கப் போவதில்லை, பக்திக்குத் தடையில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள்.

சபரிமலை ஜோதி மனிதர்கள் ஏற்றுவது என்று தெரிந்த பிறகும் ஏன் கூட்டம் குறையவில்லை?

2011 ஜனவரி 14, மகரவிளக்கு தினம். சபரிமலை அருகே புல்மேட்டில் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து போன ஐயப்ப பக்தர்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகுதான் கேரள உயர் நீதிமன்றம், பொன்னம்பலமேட்டில் தெரியும் வெளிச்சம் தானாக வருவதா, மனிதர் ஏற்றுவதா என்று கேட்டது. மனிதர்கள் ஏற்றுவதுதான் என்று திருவிதாங்கூர் தேவசம் போர்டு ஒத்துக்கொண்டது. வானில் தெரியும் நட்சத்திரம் மகரஜோதி, மலையில் ஏற்றும் தீபாராதனை மகரவிளக்கு, இரண்டும் வேறு என்றார்கள். இதைத் தந்திரி கண்டரரு மகேஸ்வரரு 2008லேயே சொல்லியிருந்தார்.

கூட்டம் குறையவில்லை. ஏனென்றால் பலருக்கு அது விரதத்தின் முடிவு, மாலை போட்டு, செருப்பில்லாமல் நடந்து, கன்னிச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனதன் நிறைவு. விளக்கை யார் ஏற்றினார் என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாத பகுத்தறிவாளர்கள் ஆதாரத்தை நீட்டிவிட்டு, ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று முழிக்கிறார்கள்.

ஆனால் ஒன்று உண்டு. தானாகத் தோன்றும் ஜோதியை ஒரே நொடியில் பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் கூட்டத்தை ஒரே இடத்தில் திரட்டுகிறது. உண்மையை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நெரிசல் குறைந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

கையிலிருந்து விபூதி வரவழைப்பது?

கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் இதை ஊர் ஊராகச் செய்து காட்டியவர். விபூதியைக் கஞ்சியில் பிசைந்து சின்ன உருண்டையாகக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் மறைத்துக்கொள்வது. கையைச் சுழற்றும்போது நசுக்கினால் விபூதி கொட்டும். புட்டபர்த்தி சாய்பாபா தங்கம் வரவழைப்பதாக இருந்தால் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டுமே என்று 1986இல் நீதிமன்றமே போனார்! வழக்கு நிற்கவில்லை, ஆனால் கேள்வி ருசியான கேள்வி.

அவருக்கு முன்னோடி ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்கப் போய், இலங்கையிலேயே கடைசிவரை வாழ்ந்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழ்நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963 முதல் சவால் விட்டிருந்தார். உறையில் ஒட்டிய ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது மாதிரியான எளிய வேலைகள்தான் பட்டியலில். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் ஜெயிக்கவில்லை.

தீமிதி?

விறகுக் கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பலும் இருக்கும், பாதம் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. திராவிடர் கழகத்தார் கடவுள் மறுப்பு முழக்கத்தோடு தீமிதித்தே காட்டியிருக்கிறார்கள். தடுக்கி விழுந்தால் பக்தருக்கும் சுடும், பகுத்தறிவாளருக்கும் சுடும்.

டாக்டர் கைவிட்ட கேன்சர் ஜெபத்தில் குணமானது என்று எனக்குத் தெரிந்தவரே சாட்சி சொல்கிறார். அவர் பொய் சொல்பவர் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். "டாக்டர் கைவிட்டுட்டார்" என்பதற்குள் என்னென்ன இருக்கலாம்? ஒரு டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பார். சந்தேகம் என்று சொன்னதைக் குடும்பத்தார் உறுதி என்று கேட்டிருப்பார்கள், பயாப்ஸி எடுத்தே இருக்கமாட்டார்கள். கீமோ ஒருபக்கம் நடந்திருக்கும், ஜெபம் இன்னொரு பக்கம் நடந்திருக்கும், புகழ் ஜெபத்துக்குப் போயிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் உண்டு: சில நோய்கள் தாமாகவே ஏறி இறங்கும், அபூர்வமாகச் சில கட்டிகள் தாமாகச் சுருங்கியதையும் மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் உண்மையிலேயே விளக்க முடியாததாகவும் இருக்கலாம்.

மேடையில் ஏறிச் சாட்சி சொல்பவர் பிழைத்தவர். அதே ஜெபத்தை அதே நம்பிக்கையோடு செய்து பிழைக்காதவரின் குடும்பத்தை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அவர்களையும் எண்ணாமல் கணக்குப் பார்க்க முடியாது.

தாயத்து, மந்திரம், கவசத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. தனிப்பட்ட வேண்டுதலை அது தொடாது. வேண்டிக்கொள்ளுங்கள், மொட்டை போடுங்கள், நேர்ச்சை வையுங்கள். சுகர் மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

விஞ்ஞானத்தால் விளக்க முடியாததெல்லாம் இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது. "தெரியவில்லை" என்பது முழுமையான பதில். "தெரியவில்லை, ஆகவே இன்ன சாமி செய்தது" என்பதில் அந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748லேயே ஒரு அளவுகோல் சொன்னார். அற்புதம் நடந்தது என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருப்பது அதிசயமா, சொன்னவர் தவறியிருப்பது அதிசயமா என்று எடைபோடு, எது குறைந்த அதிசயமோ அதை நம்பு என்று. கடுமையான அளவுகோல்தான். இதன்படி போனால் நிஜமாகவே நடந்த அற்புதத்தையும் ஒதுக்கிவிடுவோமே என்று எதிர்த்தவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பேப்பரில் வரும் சமாச்சாரங்களுக்கு ஹியூமே தேவையில்லை. ஒரு ஏணியும் டார்ச் லைட்டும் போதும்.

டிவிக்காரர்கள் இதை ஒளிபரப்ப அனுமதி உண்டா?

1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகளில், மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்றே இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமை என்கிறது, 1976இல் சேர்த்தது. காலையில் டிவியைப் போட்டால் இரண்டும் எவ்வளவு மதிக்கப்படுகின்றன என்று தெரிந்துவிடும். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது, 2013 டிசம்பரில். அதற்காகப் பல வருஷம் போராடிய டாக்டர் நரேந்திர தாபோல்கர் அதே வருஷம் ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

வீட்டில் அம்மாவும் மாமியாரும் நம்புகிறார்கள். எப்படிப் பேசுவது?

"சுத்தப் பைத்தியக்காரத்தனம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவர்களுக்கு நீங்கள் செய்தியை மறுப்பதாகக் கேட்காது, தன்னையும் தன் சாமியையும் அவமதிப்பதாகத்தான் கேட்கும். கூடவே போங்கள். அங்கே போய் "யாரும்மா முதல்ல பார்த்தது?" என்று சும்மா விசாரியுங்கள். கிராமத்துப் பெண்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. உண்டியல் எப்போது வந்தது, யார் வைத்தது, அந்த ஆளுக்கு ஏற்கெனவே என்ன பேர் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும், உங்களுக்குத் தெரியாது.

அவர்கள் கும்பிட்டுவிட்டு வரட்டும். தீர்த்தம் என்று பாட்டிலில் எதையாவது வாங்கி வந்தால் பூஜை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள், குழந்தைக்கு ஊற்ற வேண்டாம். காசு கேட்டால் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.